பிள்ளைகளோடு நூதனசாலைக்கும் கோட்டைக்கும்: கேள்வி பதில்

திருகோணமலையில் பிள்ளைகளை நூதனசாலைக்கும் கோட்டைக்கும் அழைத்துச் சென்று வரலாறு காட்டி வருகிறேன். பெற்றோரும் ஆசிரியர்களும் கேட்டவற்றுக்கு என் பதில்கள்.

உவர்மலைத் தாய் ஒருவர்: மகனுக்கு ஐந்து வயது. டொக்யார்ட் வீதிக் கடல்சார் நூதனசாலைக்குள் போனால் பத்து நிமிடத்தில் வீட்டுக்குப் போகக் கேட்கிறான்.

பத்து நிமிடம் நின்றானே, அதுவே போதும் தங்கச்சி. எல்லா அறைகளையும் காட்டிவிட வேண்டுமென்று இழுத்துக்கொண்டு ஓடாதீர்கள். ஒரு பொருளின் முன் உட்காருங்கள். தாளும் பென்சிலும் கொடுத்து வரையவிடுங்கள். வரையும் பிள்ளை தானாகவே கேள்வி கேட்கும். அந்தக் கட்டடமே ஒல்லாந்தர் காலத்தது. சுவர் எவ்வளவு தடிப்பு என்று சாண் போட்டு அளக்கட்டும்.

கிண்ணியா வாசகர்: திறக்கும் நேரம், டிக்கெட் விலை?

மாறக்கூடியவை. புறப்படும் முன் நூதனசாலைக்கே தொலைபேசியில் கேளுங்கள்.

மூதூர் ஆசிரியை: தரம் 8 மாணவர்களுக்குப் பிரெட்ரிக் கோட்டையில் எதைக் காட்டலாம்?

டீச்சர், வாசலைத் தாண்டி ஓடவிடாதீர்கள். வாசற்கல்லில் சிதைந்த தமிழ்க் கல்வெட்டும் கயல் உருவமும் இருக்கின்றன. நேரே பார்த்தால் வெறும் கல்லாகத் தெரியும். டோர்ச் விளக்கைக் கல்லோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடியுங்கள். பள்ளங்களில் நிழல் விழுந்து எழுத்து எழும்பி வரும். அந்தக் கணத்தில் பிள்ளைகள் போடும் சத்தத்தைக் கேட்க வேண்டும்! பிறகு கேளுங்கள்: கோயில் கல் கோட்டை வாசலுக்கு எப்படி வந்தது? கோணேசர் கோயிலைப் போர்த்துக்கேயர் இடித்ததும், அந்தக் கற்களைக் கொண்டு கோட்டை எழுப்பியதும், 1639இல் ஒல்லாந்தரும் 1795இல் ஆங்கிலேயரும் அதைப் பிடித்ததும் அந்த ஒரு கேள்வியிலிருந்தே விரியும்.

சுண்ணக்கட்டி தேய்த்து எழுத்தைத் தெளிவாக்க வேண்டாம். எண்ணெயும் வேண்டாம். கல் கெட்டுவிடும். கோட்டை மான்களுக்குப் பொலித்தீன் பையோடு தீனி நீட்டவும் வேண்டாம்.

புறப்படும் முன் உங்கள் ஊரிலேயே தொடங்கலாம். கொட்டியாரக் குடாவில் ஒதுங்கிய கப்பலில் வந்த ஆங்கிலேய மாலுமி ரொபர்ட் நொக்ஸ், 1660இல் அங்கேதான் கண்டி மன்னனின் ஆட்களிடம் பிடிபட்டார்; தப்பியது 1679இல்.

அன்புவழிபுரம் வாசகர்: கோட்டைக்குள் உள்ள சுவாமிமலைத் தூணருகே, காதலனைப் பிரிந்து கடலில் குதித்த ஒல்லாந்துப் பெண் பிரான்சினாவின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்கிறீர்களா?

தூணில் உள்ளதைச் சொல்கிறேன். பிரான்சினா வான் ரீடின் நினைவாக 1687 ஏப்ரல் 24இல் எழுப்பப்பட்டது என்பதே அங்குள்ள செய்தி. அதில் காதலன் இல்லை, குதித்ததும் இல்லை.

பாலையூற்றுத் தந்தை: கதையைப் பறித்தால் பிள்ளைகளுக்கு என்ன மிஞ்சும், ஐயா?

துப்பறியும் ஆசை மிஞ்சும், தம்பி. யார் சொன்னது, எங்கே எழுதியிருக்கிறது என்று பத்து வயதிலேயே கேட்கப் பழகட்டும். உண்மையாக வாழ்ந்த ஒரு பெண் தற்கொலைக்குத் துணிந்தாள் என்று சான்றின்றிச் சின்னவர்களிடம் சொல்ல எனக்கு மனம் வராது.

நிலாவெளி வாசகர்: அப்படியானால் இராவணன் வெட்டும் பொய்யா?

இதை எதிர்பார்த்தேன். பொய் என்று ஒருநாளும் சொல்ல மாட்டேன். பாறைப் பிளவைக் காட்டி, தாய்க்காக மலையைப் பெயர்க்க வந்தவன் வாளால் வெட்டிய இடம் என்று ஆசையோடு சொல்வேன். அவள் ஈமக்கடனுக்காகக் கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள் தோன்றிய கதையையும் சேர்த்துச் சொல்வேன். இது தலைமுறைகளாக இந்த ஊர் சொல்லிவரும் ஐதீகம். ஐதீகமாகவே சொன்னால் அதற்கு ஒரு குறையும் வராது. வரலாற்றுப் பாடத்தில் ஆண்டு போட்டு எழுதினால்தான் சிக்கல். பாலையூற்றுத் தம்பிக்கும் இதுவே பதில்: கதையைச் சொல்லுங்கள், கதை என்றும் சொல்லுங்கள்.

இன்னொருவர்: இதெல்லாம் புலமைப்பரிசில் பரீட்சைக்கு வருமா?

அதற்காகப் பிள்ளையை அழைத்து வராதீர்கள்.

சீனக்குடா வாசகர்: டிக்கெட் எவ்வளவு?

மேலே சொல்லியிருக்கிறேன். தயவுசெய்து வாசித்துவிட்டுக் கேளுங்கள்.

தரம் 7 மாணவி: என் பூட்டி ஜப்பான்காரர் குண்டு போட்டதைப் பார்த்தாராம். நூதனசாலையில் அதைப் பற்றிக் கேட்கலாமா?

கேட்கலாம் மகளே. ஆனால் முதலில் பூட்டியிடம் கேள். தாக்குதல் நடந்தது 1942 ஏப்ரல் 9. அதே நாளில்தான் ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலும் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டது. பூட்டி அன்று எங்கே நின்றார், என்ன சத்தம் கேட்டது, எந்தப் பக்கம் ஓடினார்கள், அன்றிரவு எங்கே படுத்தார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, அம்மாவின் தொலைபேசியில் பதிவு செய். இடையில் திருத்தாதே, நாள் தவறினாலும் விட்டுவிடு. பதிவின் தொடக்கத்தில் அவருடைய பெயரையும் ஊரையும் அன்றைய திகதியையும் உன் குரலிலேயே சொல். அதை எடுத்துக்கொண்டு என்னிடம் வா. இருவரும் சேர்ந்து எழுதுவோம்.