நெப்போலியனை தோற்கடிச்சது பனியா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

சொக்கலிங்கம் மொழிபெயர்ப்புல டால்ஸ்டாயோட 'போரும் வாழ்வும்' நாவல் படிச்சு முடிச்சேன். அந்த வேகத்துல நெப்போலியன் பத்தி ரெண்டு தடி இங்கிலீஷ் புக் வாங்கினேன், ரெண்டுமே நூறு பக்கம் தாண்டல. தளபதி பேரு, படைப்பிரிவு நம்பர், அம்புக்குறி போட்ட மேப், இதுலயே மூழ்கிட்டேன். கடைசியில ரஷ்யாவோட பனிதான் அவரை தோற்கடிச்சதுன்னா இவ்ளோ பக்கம் எதுக்கு? எங்க ஆரம்பிக்கணும்னு சொல்லுங்க.

ஒரு வாசகர், ஈரோடு

அன்புள்ள நண்பருக்கு,

பனி விஷயத்தை முதல்ல எடுத்துக்கறேன், ஏன்னா அந்த ஒரு நம்பிக்கைதான் உங்களை அந்த புக்குல இருந்து வெளிய தள்ளிருக்கு. சார்ல் மினார்னு ஒரு பிரெஞ்சு இன்ஜினியர் 1869-ல வரைஞ்ச படம் ஒண்ணு இருக்கு, நெட்ல தேடினா உடனே கிடைக்கும், 1812-ல நெப்போலியனோட ரஷ்யாவுக்கு போற படையை ஒரு பட்டையாவும் திரும்பி வர படையை கருப்பு பட்டையாவும் போட்டிருப்பார், ஆள் குறைய குறைய பட்டை மெலிஞ்சுட்டே போகும். ரஷ்ய எல்லையில இருந்த நீமன் ஆத்துகிட்ட 4,22,000 பேர், மாஸ்கோவுல 1,00,000, திரும்பி வந்து சேரும்போது 10,000. இப்ப தேதியை பாருங்க. ஆத்தை தாண்டினது ஜூன் 24, மாஸ்கோவுக்குள்ள போனது செப்டம்பர் 14. வழியில பக்கவாட்டுல பிரிச்சு அனுப்பின படையை கழிச்சாலும் ரெண்டு லட்சம் பேருக்கு மேல கோடையிலயே படையில இல்லாம போயிட்டாங்க, அப்ப ஒரு பொட்டு பனி கூட விழல.

எங்க போனாங்கன்னு கேட்டீங்கன்னா நல்ல புக் எல்லாமே குதிரைகிட்டதான் கூட்டிட்டு போகும். மாவு வண்டி, பீரங்கி, குதிரைப்படை எல்லாத்துக்கும் சேர்த்து ஒரு லட்சத்துக்கும் மேல குதிரை, அத்தனைக்கும் தினம் தீவனம் வேணும், அதை வண்டியில ஏத்திட்டு போக முடியாது, அந்த வண்டியை இழுக்கற குதிரைக்கே தீவனம் வேணுமே. அதனால வழியில வயல்ல நின்ன ரைங்கற தானியத்தோட பச்சை பயிரை மேய விட்டாங்க, ஆத்தை தாண்டின கொஞ்ச நாள்லயே பேய் மழை வேற, ஆயிரக்கணக்குல குதிரை செத்து விழுந்துது. குதிரை போச்சுன்னா மாவு வராது, மாவு வரலைன்னா சிப்பாய் கொள்ளைக்கு கிளம்புவான், கொள்ளைக்கு போனவன்ல பாதி பேர் திரும்ப மாட்டான். இதோட பேன் மூலமா பரவற டைபஸ் காய்ச்சல். 2001-ல லிதுவேனியாவோட வில்னியஸ் நகர்ல கட்டட வேலைக்கு தோண்டினப்போ இந்த சிப்பாய்ங்களோட மொத்த புதைகுழி கிடைச்சுது, மூவாயிரம் பேருக்கு மேல, அவங்க பல்லை சோதிச்சதுல காய்ச்சல் கிருமியோட தடம் இருந்துது.

அதனால நீங்க தளபதி வரலாறுல ஆரம்பிக்காதீங்க. முதல்ல யாக்கோப் வால்ட்டர்னு ஒரு சாதாரண சிப்பாயோட நினைவுக்குறிப்பு படிங்க, சின்ன புக். அவர் பிரெஞ்சுக்காரரே இல்ல, தென் ஜெர்மனியில வூர்ட்டம்பர்க் ராஜ்யத்துக்காரர், கல் கொத்தற வேலை, கட்டாயமா படைக்கு இழுத்துட்டு போனாங்க. நெப்போலியன் படையில ஏறக்குறைய பாதி இப்படித்தான், ஜெர்மன், போலந்து, இத்தாலி, டச்சு ஆளுங்க, யாரோட சாம்ராஜ்யத்துக்காக சாகறோம்னு கேக்கற உரிமை கூட இல்லாதவங்க. வால்ட்டர் எழுதறது முழுக்க சோறு, பேன், தூக்கம். போர்த்திட்டம் ஒண்ணும் இருக்காது. திரும்பி வர வழியில பெரெசினா ஆத்து பக்கம் நெப்போலியனை கிட்டத்துல பாக்கறார், தன் படை சீரழிஞ்சு கடந்து போறதை எந்த சலனமும் இல்லாம பாத்துட்டு இருந்தார்னு எழுதறார். நம்ம ஊர் தன்னம்பிக்கை புக்ல வர நெப்போலியனை மட்டுமே தெரிஞ்சவங்களுக்கு இந்த ஒரு இடம் ரொம்ப முக்கியம்னு நான் நினைக்கறேன்.

அடுத்து கோலன்கூர். நாலு வருஷம் அப்ப ரஷ்ய தலைநகரா இருந்த பீட்டர்ஸ்பர்க்ல பிரெஞ்சு தூதரா இருந்தவர், நெப்போலியனோட குதிரை லாயத்துக்கே தலைமை அதிகாரி, ரஷ்யாவுக்கு போகாதீங்கன்னு நேருக்கு நேர் சொன்னவர். சமாதானம் கேக்கறதை விட ரஷ்யாவோட கிழக்கு கோடியில இருக்கற கம்சட்கா வரைக்கும் பின்வாங்குவேன்னு ரஷ்ய சக்கரவர்த்தி ஜார் அலெக்சாண்டர் சொன்னதை 1811-லயே நெப்போலியன்கிட்ட வந்து சொல்லிட்டார். மாஸ்கோவுக்கு முன்னாடி போரோடினோவுல நடந்த பெரிய சண்டையில கோலன்கூரோட தம்பி செத்துட்டார். டிசம்பர் 5 ராத்திரி நெப்போலியன் படையை விட்டுட்டு பாரிஸுக்கு கிளம்பினப்போ கூட போனது இவர்தான், 13 நாள் ஸ்லெட்ஜ்லயும் வண்டியிலயும் பக்கத்துலயே உக்காந்து கேட்ட பேச்சை எல்லாம் எழுதி வெச்சிருக்கார். பனிக்கான பதிலும் இவர்கிட்ட இருக்கு. ஐஸ்ல வழுக்காத மாதிரி ஆணி வெச்ச லாடம் படை குதிரைங்களுக்கு அடிக்கல, மேடுல ஏற முடியாம விழுந்துது, பீரங்கியை விட்டுட்டு வந்தாங்க. குளிர் கொன்னுது, கண்டிப்பா கொன்னுது, ஆனா அதுக்குள்ள பாதி செத்திருந்த படையைத்தான் கொன்னுது.

மூணாவதா டொமினிக் லீவன் 2009-ல எழுதின 'ரஷ்யா அகெய்ன்ஸ்ட் நெப்போலியன்'. இதைத்தான் நீங்க டால்ஸ்டாயோட சேர்த்து படிக்கணும். டால்ஸ்டாய் செவஸ்தபோல் முற்றுகையில பீரங்கி அதிகாரியா இருந்தவர், குண்டு விழற இடத்துல மனுஷன் எப்படி இருப்பான்னு அவரை மாதிரி சொன்ன ஆள் கிடையாது. ஆனா யாரும் எதையும் திட்டம் போடலன்னு அவர் சொல்றதை நான் ஏத்துக்க மாட்டேன். ரஷ்ய போர் மந்திரி பார்க்ளே டி டோலி 1810-லயே எதிரியை உள்ள இழுத்து சோர வைக்கற யோசனையை எழுதி கொடுத்துட்டார். செர்னிஷெவ்னு ஒரு ரஷ்ய அதிகாரி பாரிஸ்ல போர் அமைச்சக கிளார்க் ஒருத்தரை காசு கொடுத்து பிடிச்சு நெப்போலியன் படையோட கணக்கையே வாங்கிட்டு இருந்தார், அந்த கிளார்க் மாட்டி 1812-ல தலையை வெட்டிட்டாங்க. பார்க்ளேவை அந்நியன், கோழைன்னு அவர் படையே திட்டிச்சு, அவருக்கு பதிலா தளபதியா குதுசோவ் வந்து பேர் வாங்கினார், நாவலும் குதுசோவ் பக்கமே நிக்குது. அப்புறம் கதை 1812-ல முடியல, அதே ரஷ்ய படை ஐரோப்பாவை குறுக்கா நடந்து 1814 மார்ச் 31-ல பாரிஸுக்குள்ள போச்சு. அத்தனை தூரம் அதுக்கு குதிரையும் சோறும் எப்படி வந்துதுங்கறதுதான் லீவன் புக்கோட உயிரே, எனக்கு இந்த மூணுல அதுதான் பெரிய புக்.

நீங்க பாதியில விட்ட அந்த தடி புக்கை இதெல்லாம் முடிச்சிட்டு எடுங்க, அப்ப மேப் தானா புரியும். நீமன், வில்னியஸ், மாஸ்கோ போற வழியில இருக்கற ஸ்மோலென்ஸ்க், மாஸ்கோ, பெரெசினா, இந்த அஞ்சு இடம் மனசுல இருந்தா இப்போதைக்கு போதும். ஒரு விஷயம் மட்டும் குறிச்சு வெச்சுக்கங்க, ரஷ்யாவுல அப்ப பழைய காலண்டர், 12 நாள் பின்னாடி. டால்ஸ்டாய்ல போரோடினோ ஆகஸ்ட் 26-ன்னு வரும், கோலன்கூர்ல செப்டம்பர் 7-ன்னு வரும், ரெண்டும் ஒரே நாள்தான்.