இன்னும் ஐம்பது அடி

அன்புள்ள அண்ணனுக்கு,

அமெரிக்கா ஆப்கானிஸ்தானை விட்டுப் பத்து வருஷம் முன்பே கிளம்பியிருக்க வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். என் அப்பா 1987-ல் இலங்கையில் யாழ்ப்பாணம் போன இந்திய அமைதிப்படையில் இருந்தவர். திரும்பி வந்தபோது சென்னைத் துறைமுகத்துக்கு முதலமைச்சர் வரவில்லை என்பதை இன்றைக்கும் சொல்லுவார். உங்கள் கட்டுரையை வாசித்துக் காட்டினேன். 'பாதியில் திரும்பினால் அங்கே செத்தவன் எதுக்குச் செத்தான்? அவரிடம் கேள்' என்றார். கேட்கிறேன்.

(பெயர் வேண்டாம்), தக்கலை

அன்புள்ள தம்பி,

இதை உங்கள் அப்பாவின் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் இருக்குமா தெரியவில்லை. எழுத்தில் சொல்வது சுலபம். கருணாநிதி துறைமுகத்துக்குப் போகாததற்கு அரசியல் காரணம் இருந்தது, அந்தப் படையிடம் யாழ்ப்பாணத்துச் சனம் பட்ட பாடும் பொய்யில்லை. ஆனால் அந்தக் கோபம் அனுப்பியவர்கள் தலையில் இறங்கியிருக்க வேண்டும், கப்பலிலிருந்து இறங்கிய சிப்பாய் தலையில் அல்ல.

சரி, கேள்விக்கு வருகிறேன். வியட்நாம் போரை ஜெயிக்க முடியாது என்பது 1969-ல் நிக்சன் பதவிக்கு வரும்போதே வாஷிங்டனில் பலருக்குத் தெரியும். ஆனாலும் 'கௌரவமான சமாதானம்' வேண்டும் என்று 1973 வரை இழுத்தார்கள். அந்தப் போரில் செத்த 58,000 சொச்சம் அமெரிக்கர்களில் 20,000 பேருக்கு மேல் அந்த நாலு வருஷத்தில் செத்தவர்கள், வியட்நாமியர் அதற்குப் பல மடங்கு, கடைசியில் 1975 ஏப்ரலில் அமெரிக்கா தாங்கிப் பிடித்த தெற்கு வியட்நாமின் தலைநகர் சைகோன் விழுந்தது விழுந்ததுதான். முன்னால் செத்தவனின் கௌரவத்துக்காகப் பின்னால் இருபதாயிரம் பேர். ஆப்கானிஸ்தானும் அப்படித்தான்: பின்லேடனைத் தேடி 2001-ல் போனார்கள், அவர் 2011-ல் பாகிஸ்தானில் கொல்லப்பட்ட பிறகும் இன்னொரு பத்து வருஷம் இருந்தார்கள்.

எங்கள் வீட்டில் போர் போட்டபோது (ஆழ்துளைக் கிணறுதான்) 200 அடியில் வெறும் பாறைப்பொடி பறந்தது. நிறுத்தவா என்றார் வண்டிக்காரர். இவ்வளவு பணம் போட்டாச்சே, இன்னும் ஐம்பது அடி என்றேன். அப்புறம் இன்னொரு ஐம்பது. புத்தி வந்து நிறுத்தவில்லை, பணம் தீர்ந்து நின்றது. அது என் பணம், என் முட்டாள்தனம். ஊரான் பிள்ளையை இறக்கிவிட்டு இன்னும் ஐம்பது அடி என்று டெல்லியிலோ வாஷிங்டனிலோ உட்கார்ந்து சொல்வது வேறு.

உங்கள் அப்பா போன படையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1987 ஜூலையில் இந்திய-இலங்கை ஒப்பந்தம், சமாதானம் காக்கப் போனவர்கள் அக்டோபரில் புலிகளோடு சண்டையில் இருந்தார்கள். நம் பக்கம் ஏறத்தாழ 1,200 உயிர். இலங்கை அதிபர் ஜெயவர்த்தனா அழைத்தார், அடுத்து வந்த பிரேமதாசா 1989-ல் கிளம்பச் சொன்னார், யாரைக் காப்பாற்றப் போனோமோ அந்தத் தமிழரும் போனால் போதும் என்றிருந்தார்கள். இன்னும் இரண்டு வருஷம் அங்கே இருந்திருந்தால் அந்த 1,200 பேருக்கு என்ன மரியாதை கூடியிருக்கும்? எண்ணிக்கைதான் கூடியிருக்கும்.

ஆனால் திரும்பியதோடு விஷயம் முடியவில்லை, எனக்கு உறுத்துவது இதுதான். நம் படையின் பலத்தில் இலங்கையின் வடகிழக்கில் ஒரு மாகாண அரசு நடந்தது. 'தமிழ் தேசிய இராணுவம்' என்று பையன்களைப் பிடித்துக்கொண்டுபோய், பலரைக் கட்டாயமாக, கையில் துப்பாக்கி கொடுத்தார்கள். படை விலக விலகப் புலிகள் அவர்களை வேட்டையாடினார்கள். அந்த மாகாணத்தின் முதலமைச்சர் வரதராஜப்பெருமாள் இந்தியாவுக்கு வந்துவிட்டார். அந்தப் பையன்களுக்கு யார் கப்பல் அனுப்பினார்கள்? 2021 ஆகஸ்டில் காபூல் விமான நிலைய வாசலில் காகிதத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்ற, அமெரிக்கப் படைக்கு வேலை பார்த்த மொழிபெயர்ப்பாளர்களைப் பார்த்தபோது எனக்கு ஞாபகம் வந்தது அவர்கள்தான்.

நம்மூரிலேயே பழைய கதை இருக்கிறது. 1741-ல் குளச்சலில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் திருவிதாங்கூரிடம் தோற்றான் என்று வெற்றித் தூணைப் பார்த்துப் பெருமைப்படுவதோடு நாம் நிறுத்திக்கொள்கிறோம். அதற்கப்புறமும் அந்தச் சண்டை பல வருஷம் இழுத்தது. ஜாவாவில் அவர்களுக்கு வேறு சண்டை, அங்கே அவர்களுடைய தலைமையிடமான பத்தேவியாவிலிருந்து (இன்றைய ஜகார்த்தா) ஆள் வரவில்லை. 1753-ல் மாவேலிக்கரையில் திருவிதாங்கூர் மகாராஜா மார்த்தாண்டவர்மாவோடு ஒப்பந்தம் போட்டு, மிளகு கிடைத்தால் போதும் என்று, தங்களை நம்பியிருந்த மலையாளக் கரை ராஜாக்களைக் கைகழுவினார்கள். கம்பெனிக்கு நல்ல புத்திதான். அந்த ராஜாக்களைக் கேட்டால் வேறு சொல்லியிருப்பார்கள்.

ஆகவே, திரும்பலாம், சீக்கிரமே திரும்ப வேண்டும். கூட நின்றவனையும் ஏற்றிக்கொண்டு. அந்த இரண்டாவது காரியத்தை உருப்படியாகச் செய்த நாடு எதுவும் சட்டென்று எனக்கு நினைவுக்கு வரவில்லை.

அப்பாவிடம் ஒன்று கேட்டுச் சொல்லுங்கள்: அந்தப் பையன்களில் யாரையாவது அவர் அங்கே பார்த்துப் பேசியிருக்கிறாரா? அடுத்த ஞாயிறு உதயகிரிக் கோட்டைப் பக்கம் வருகிறேன். குளச்சலில் பிடிபட்டு, மகாராஜாவின் படைக்கே தளபதியாகி, ஊர் திரும்பாமலே செத்த டச்சுக்காரர் டிலன்னாயின் கல்லறை அங்கேதான் இருக்கிறது. உங்கள் வீட்டிலிருந்து பக்கம்தானே, அப்பாவுக்கு முடியுமென்றால் கூட்டிக்கொண்டு வாருங்கள். திட்டினாலும் கேட்டுக்கொள்கிறேன்.