கஞ்சிக்கு கணக்கு பாக்கணுமா?

கேள்வி: ஐயா, வைத்தியத்துக்கு வங்காளத்துல இருந்து வந்த ஒரு குடும்பம் எங்க மாடி போர்ஷன்ல தங்கியிருக்கு. தினமும் கஞ்சி குடுத்து அனுப்புறேன். 'நம்ம சபை ஆளா அவங்க, எதுக்கு இவ்ளோ?'ங்கறார் வீட்டுக்காரர். அதிகமா செய்றனா?
- வாசகி, காட்பாடி

பதில்: அதிகமெல்லாம் இல்லம்மா. மலைப் பிரசங்கத்துல இயேசு சொன்ன மாதிரி நல்லவனுக்கும் கெட்டவனுக்கும் ஒரே சூரியன்தான் (வேலூருக்கு மட்டும் கொஞ்சம் தாராளமாவே குடுத்துட்டார், அது வேற விஷயம்), சபை ரிஜிஸ்டர பாத்துட்டா வெயில் அடிக்குது? 1900ல ஐடா ஸ்கடர் டாக்டரம்மா இதே ஊர்ல ஒத்த கட்டில் போட்டு வைத்தியம் ஆரம்பிச்சாங்க, மதம் ஜாதி பாத்திருந்தா அது இன்னிக்கு சிஎம்சி ஆஸ்பத்திரியா வளந்திருக்குமா சொல்லுங்க. ஒண்ணு மட்டும், கஞ்சிக்கு மிளகா தொவையல் வேணாம், உருளைக்கிழங்க மசிச்சு கடுகெண்ணெய் ரெண்டு சொட்டு விட்டு குடுங்க, அவங்க ஊரு ருசி அது. கஞ்சி தூக்குவாளிய வீட்டுக்காரர் கையிலயே குடுத்து மாடிக்கு அனுப்புங்க.