1950-களில் அமெரிக்க ஆசிரியர் கல்லூரிகளில் பட்டமளிப்பு விழா எப்படி நடந்தது?

ஆசிரியர் கல்லூரியிலும் கறுப்பு அங்கி, குஞ்சம் வைத்த தொப்பி எல்லாம் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு. வேறெந்தக் கல்லூரியிலும் அவற்றை அவ்வளவு ஆசையோடு அணிந்திருப்பார்களா என்பதுதான் என் சந்தேகம்.

அமெரிக்காவின் மத்திய மேற்கில் ஒரு சிற்றூரில் சில ஆண்டுகள் குடியிருந்தேன். வீட்டுக்கார அம்மாள் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. அவருடைய அறையில் முகம் பார்க்கும் கண்ணாடியின் ஓரத்தில் ஒரு வெளிர்நீலக் குஞ்சம் தொங்கும். கல்வியியலுக்கு உரிய நிறம் அது. நூல் நைந்து, ஜன்னல் பக்கம் இருந்த பாதி வெளுத்துப்போயிருந்தது. 1955 ஆகஸ்டில் பட்டம் வாங்கியபோது அணிந்தது. அங்கி வாடகைக்கு எடுத்தது. விழா முடிந்த கையோடு திருப்பிக் கொடுத்துவிட்டார். குஞ்சம் மட்டும் தங்கிவிட்டது.

பட்டமளிப்பு மே, ஜூனில் அல்லவா நடக்கும் என்று கேட்டேன். அதற்கு அவர் சொன்ன பதில்தான் இந்தக் கல்லூரிகளின் கதையே. இவற்றில் பெரும்பாலானவை நார்மல் பள்ளி என்ற ஆசிரியர் பயிற்சிப் பள்ளிகளாகத் தொடங்கியவை. 1839-இல் மாசசூசெட்ஸின் லெக்சிங்டனில் முதல் அரசு நார்மல் பள்ளி திறந்த அன்று வந்தவர்கள் மூன்றே மாணவியர். நெடுங்காலம் அங்கே கிடைத்தது பட்டமல்ல, சான்றிதழ். 1920-களிலும் 30-களிலும்தான் பல பள்ளிகள் பட்டம் தரும் கல்லூரிகளாக உயர்ந்தன. ஈராண்டுப் படிப்போடு வேலைக்குப் போய்விட்டவர்கள் கோடை விடுமுறைதோறும் திரும்பி வந்து மீதியை முடித்தார்கள். அவர்களுக்காகவே ஆகஸ்டில் ஒரு விழா. பின்னாளில் அமெரிக்க அதிபரான லிண்டன் ஜான்சன்கூட இடையில் கொட்டுலா என்ற டெக்சாஸ் சிற்றூரில் ஏழைக் குழந்தைகளுக்குப் பாடம் நடத்திவிட்டு, அதே மாநிலத்தின் ஆசிரியர் கல்லூரி ஒன்றில் 1930 ஆகஸ்டில்தான் பட்டம் பெற்றார்.

அம்மாளுக்கு ஒன்பது கோடைகள் ஆயின. வரிசையில் அவருக்கு முன்னால் தலை நரைத்த ஒரு பெண்மணி. பின்னால் இரண்டாம் உலகப் போர் முடிந்து திரும்பி, முன்னாள் படைவீரர்களுக்கான 1944-ஆம் ஆண்டுச் சட்டம் தந்த உதவித்தொகையில் படித்த ஒருவர். ஆகஸ்ட் வெயிலில் அங்கிக்குள் வியர்வை வழிந்தது. தொப்பி நழுவாமலிருக்க நான்கு கொண்டை ஊசிகள். உரைகளில் ஒரு வரிகூட அவருக்கு நினைவில்லை. குஞ்சத்தை வலப்பக்கமிருந்து இடப்பக்கம் மாற்றும்போது கை நடுங்கியது நினைவிருந்தது.

அவர் வகுப்புப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் மாடத்தில் உட்கார்ந்திருந்தார்களாம். பெயர் வாசிக்கும்போது யாரும் கைதட்டக் கூடாது என்று முன்பே அறிவித்திருந்தார்கள். இவர் பெயர் வந்ததும் ஒரு பையன் சத்தமில்லாமல் எழுந்து நின்றான். அடுத்தடுத்து மற்றவர்களும் எழுந்தார்கள். இதைச் சொல்லும்போதெல்லாம் அம்மாளுக்குக் கண் கலங்கிவிடும்.

1950-களிலும் 60-களிலும் இத்தகைய கல்லூரிகள் பலவும் ‘ஆசிரியர்’ என்ற சொல்லைத் தங்கள் பெயரிலிருந்து நீக்கின. அவருடைய கல்லூரியும் நீக்கியது. ஆண்டுதோறும் அங்கே நன்கொடை அனுப்புவார். உறையின் மீது கடைசிவரை பழைய பெயரையே எழுதினார்.