பாசிக்கும் நண்டுக்கும் பெயர் படித்தால் வேலை கிடைக்குமா?

அம்மா,

பிளஸ் டூ உயிரியல் பிரிவில் படிக்கும் மகள் நர்சிங் வேண்டாம் என்கிறாள், உயிரினங்களை வகைப்படுத்தும் படிப்புதான் வேண்டும் என்று அடம்பிடிக்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். "வாயில் நுழையாத பெயர்களை மனப்பாடம் செய்ய யார் சம்பளம் கொடுப்பார்கள்?" என்பது உங்கள் கேள்வி. பெற்றவர் கேட்க வேண்டிய கேள்விதான்.

முதலில், அது மனப்பாடப் படிப்பே அல்ல. பாம்பன் கடலில் இறங்கிப் பாசி எடுக்கும் உங்களுக்கு மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப் பாசி, கட்டக்கோரை மூன்றையும் பிரித்துக் காட்ட யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முதல் இரண்டும் செம்பாசிகள். அவற்றிலிருந்து கூழாக உறைய வைக்கும் அகர் எடுக்கிறார்கள். கட்டக்கோரை பழுப்புப் பாசி. அதில் கிடைப்பது கெட்டிப்படுத்தப் பயன்படும் ஆல்ஜினேட். அடுத்தடுத்த பாறையில் வளர்ந்தாலும் பழுப்புப் பாசியும் செம்பாசியும் மிகத் தூரத்து உறவு. எது எதற்கு உறவு என்று தெரிந்துவிட்டால் அதனுள் என்ன இருக்கும், எதற்குப் பயன்படும் என்பதைப் பெரும்பாலும் ஊகித்துவிடலாம். அந்த உறவுமுறையைக் கண்டுபிடிப்பதுதான் வகைப்பாட்டியல்.

உறவை எதை வைத்துத் தீர்மானிப்பது என்பதில் நீண்ட காலமாகவே வழக்கு. அரிஸ்டாட்டில் இரத்தம் உள்ளவை, இல்லாதவை என்று விலங்குகளைப் பிரித்தார். நம் தொல்காப்பியம் அறிவை அளவுகோலாக வைத்தது. அதன்படி புல்லுக்கும் மரத்துக்கும் ஓரறிவு, நண்டுக்கு நான்கறிவு. ஸ்வீடன் நாட்டு லின்னேயஸ் 1753இல் தாவரங்களுக்கும் 1758இல் விலங்குகளுக்கும் பேரினம், சிற்றினம் என்று இரண்டு சொல்லில் பெயரிடும் முறையை நிலைநிறுத்தினார். அவருடைய மாணவர் கோனிக் 1768இல் நம் தரங்கம்பாடிக்கே வந்து செடிகளைச் சேகரித்தவர். கறிவேப்பிலையின் அறிவியல் பெயரில் வரும் 'கோனிகி' அவரைக் குறிப்பதுதான். டார்வினுக்குப் பிறகு, உருவ ஒற்றுமையைவிடப் பொது மூதாதையே முக்கியம் என்றானது. உயிரினங்களை விட்டேக்கர் 1969இல் பிரித்த ஐந்து உலகங்கள், 1990இல் கார்ல் வூஸும் உடன் ஆய்வாளர்களும் முன்வைத்த மூன்று பெரும்பிரிவுகள் எல்லாம் மகள் தேர்வுக்குப் படிப்பவை. அவற்றை அவளிடமே விட்டுவிடுவோம்.

சம்பளம் கொடுப்பவர் யார் என்பதற்கு வருகிறேன். நம் பக்கம் வலையில் ஏறும் நீல நண்டை வெகுகாலம் ஒரே சிற்றினம் என்றுதான் நினைத்திருந்தார்கள். 2010இல் ஆய்வாளர்கள் அதை நான்காகப் பிரித்தார்கள்; நம் கடலில் இருப்பது போர்ட்டுனஸ் ரெட்டிகுலேட்டஸ். எந்த அளவில் முட்டையிடும், எந்த அளவுக்குக் கீழே பிடிக்கக் கூடாது என்பதை எல்லாம் சிற்றினம் வாரியாகத்தான் கணக்கிட வேண்டும். நண்டு ஏற்றுமதியாகும் கடற்கரையில் இது வெறும் ஏட்டுச் சங்கதி அல்ல.

கடல் அட்டையைப் பாருங்கள். 2001 முதல் அது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது; அதாவது பிடிப்பதே குற்றம். வேகவைத்துக் காயவைத்த மூட்டை பிடிபட்டால், உள்ளே இருப்பது இன்னதுதான் என்று ஒருவர் எழுதிக் கையெழுத்திட வேண்டும். தோலில் சிறு துண்டை வெட்டிப் பிளீச்சிங் திரவத்தில் போட்டால் சதை கரைந்து, கண்ணுக்குத் தெரியாத சுண்ணாம்புத் துணுக்குகள் மட்டும் மிஞ்சும். நுண்ணோக்கியில் அவை குட்டி மேசைகளாகவும் பொத்தான்களாகவும் தெரியும். அந்த வடிவங்களை வைத்தே எந்த அட்டை என்று சொல்லிவிடலாம்.

இனி, கசந்தாலும் சொல்லியாக வேண்டியது. வகைப்பாட்டியலுக்கென்றே உள்ள பணியிடங்கள் மிகக் குறைவு. 1890இல் தொடங்கிய இந்தியத் தாவரவியல் ஆய்வகம், 1916இல் தொடங்கிய இந்திய விலங்கியல் ஆய்வகம் போன்ற இடங்களில் காலியிடம் வருவதற்குள் பிள்ளைக்கு வயது ஏறிவிடும். அதை மட்டும் நம்பி இறங்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை. அகலமான வாசல் வழியாக நுழைந்து, இதைக் கைத்தொழிலாக வைத்துக்கொள்ளட்டும் என்பதுதான் என் யோசனை.

அந்த வாசல் பி.எஃப்.எஸ்சி. என்னும் மீன்வள அறிவியல் பட்டப்படிப்பு. தூத்துக்குடியிலேயே கல்லூரி இருக்கிறது. மீன்வளத் துறை, ஏற்றுமதி நிறுவனங்கள், இறால் பண்ணைகள், வங்கிகளின் விவசாயக் கடன் பிரிவு என்று போக வழிகள் பல. இடம் கிடைக்காவிட்டால் பி.எஸ்சி. விலங்கியலோ தாவரவியலோ படித்துவிட்டு, பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையத்திலோ அழகப்பா பல்கலைக்கழகத்தின் தொண்டி வளாகத்திலோ மேற்படிப்புக்கு முயலலாம். பிறகு ஆய்வுக்கும் கல்லூரி ஆசிரியர் பணிக்குமான தகுதித் தேர்வாகிய நெட் தேர்வில் ஆய்வு உதவித்தொகை பெற்றால் படிக்கும்போதே பணம் வரும். பி.எட். முடித்தால் பள்ளி ஆசிரியர் வேலைக்கும் வழி உண்டு. மண்டபத்திலேயே மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம் இருப்பதை மறந்துவிடாதீர்கள். 1971இல் கொச்சிக்கு மாறும்வரை அதன் தலைமையகமே அங்குதான் இருந்தது.

விண்ணப்பம் போடும் முன் பிள்ளையை ஒரு சோதனைக்கு உட்படுத்துங்கள். கரைக்கு வரும் காரல் மீனில் ஒரு கைப்பிடி வாங்கி அவளிடம் கொடுங்கள். ஒவ்வொன்றின் வாயையும் மெல்ல வெளியே இழுக்கச் சொல்லுங்கள். சிலவற்றின் வாய் மேல்நோக்கி நீளும், சிலவற்றுக்குக் கீழ்நோக்கி. கோரைப்பல் உள்ள வகைக்கு நேராக. அதை வைத்துப் பிரித்து, துடுப்பு முட்களை எண்ணி, படம் வரைந்து எழுதட்டும். வீச்சமடிக்கும் மீனோடு ஒரு மாலைப் பொழுது உட்கார்ந்துவிட்டு, மறுநாள் இன்னும் கொஞ்சம் கேட்டால் இந்தப் படிப்பு அவளுக்கு ஒத்துவரும். அரைமணி நேரத்தில் எழுந்து போய்விட்டால் நர்சிங் பேச்சை மறுபடி எடுக்கலாம். ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்காவுக்குள் வருபவை. அங்கிருந்து பவளமோ கடல் குதிரையோ அட்டையோ எடுத்து வந்தால் படிப்புக்குப் பதில் வழக்குதான் நடக்கும்.

நீட் எழுத வேண்டுமா என்றும் கேட்டிருந்தீர்கள். நான் சொன்ன எந்தப் பட்டப்படிப்புக்கும் அது தேவையில்லை. பி.எஃப்.எஸ்சி. சேர்க்கைக்கு பிளஸ் டூ மதிப்பெண்தான் கணக்கு. அறிவிப்பு வந்ததும் சாதிச் சான்றிதழையும் வருமானச் சான்றிதழையும் தயாராக வைத்துக்கொண்டு எனக்கு ஒரு வரி எழுதுங்கள். விண்ணப்பத்தைச் சேர்ந்தே நிரப்புவோம்.