சொல்லித் தீர்த்த கனவு

அன்புள்ள ஐயா,

எனக்கு வயது 44. பதவி, வீடு, பிள்ளையின் படிப்பு என்று வைத்துக்கொண்ட இலக்குகளையெல்லாம் ஏறக்குறைய எட்டிவிட்டேன். எதிலும் நிறைவு இல்லை. சிறுவயது முதலே தாவர ஓவியம் வரைய ஆசை. சென்ற பிறந்தநாளன்று, "இனி இதுதான் என் வாழ்க்கை" என்று நண்பர்கள், உறவினர்கள் அனைவருக்கும் அறிவித்தேன். வாழ்த்துகள் குவிந்தன. முதல்தரப் பருத்தித் தாள், உயர்ரகத் தூரிகைகள், இணைய வகுப்பு எல்லாம் ஆயிற்று. நண்பர் ஒருவர் இலச்சினைகூட வடிவமைத்துத் தந்தார். ஆனால் ஓராண்டில் மூன்றே படங்கள். மனைவி இதைப் பொழுதுபோக்கு என்கிறார். வேலையை விட்டால்தான் முடியுமா? இது என் உண்மையான கனவே இல்லையா? நிறைவு இருப்பது இலக்கிலா, பயணத்திலா?

க.

அன்புள்ள க.,

வேலையை விடாதீர்கள். உங்கள் மனைவி சொன்னதில் தவறில்லை. வருடத்துக்கு மூன்று படம் வரைகிறவரை வேறு என்னவென்று சொல்வார்? இலக்கா பயணமா என்பது நாட்காட்டித் தாளின் அடியில் அச்சிட வேண்டிய கேள்வி. அங்கேயே இருக்கட்டும்.

உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்தியது வேறொன்று. தாள் என்ன வகை என்று எழுதியிருக்கிறீர்கள். தூரிகையின் தரம், வகுப்பு, இலச்சினை எல்லாம் வந்துவிட்டன. வரைந்த மூன்றும் என்னென்ன செடிகள் என்று மட்டும் எழுதவில்லை. செடி வரைகிறவர்கள் யாரிடமாவது பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். இலைக்காம்பு தண்டில் எப்படி ஒட்டியிருந்தது, வரைந்து முடிப்பதற்குள் பூ எப்படி வாடித் தொலைத்தது என்று ஆரம்பித்தால் விடமாட்டார்கள். தூரிகை பற்றிக் கேட்டால்தான் சொல்வார்கள்.

நிறைவு வரவில்லை என்கிறீர்கள். வந்தது ஐயா, பிறந்தநாளன்றே வந்துவிட்டுப் போய்விட்டது. விதைநெல்லைக் குத்தி அன்றைக்கே பொங்கித் தின்றுவிட்டு, அறுவடை எங்கே என்று எனக்குக் கடிதம் எழுதுகிறீர்கள்.

இது என் வெறும் எரிச்சல் இல்லை. பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் 2009-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சட்டம் படிக்கும் மாணவர்கள் தங்கள் படிப்பு குறித்த நோக்கத்தை எழுதித் தருகிறார்கள். சிலர் எழுதியதை ஆய்வாளர் படித்துக் கவனத்தில் கொள்கிறார். மற்றவர்கள் எழுதியதை யாரும் பார்ப்பதில்லை. பிறகு வேலை கொடுத்தால், நோக்கம் பிறர் கண்ணில் பட்டவர்கள்தான் குறைவாக உழைத்தார்கள். தாங்கள் ஏற்கெனவே பாதி வழக்கறிஞராகிவிட்டதாக அவர்களுக்கு ஓர் உணர்வு. உங்களுக்கு இலச்சினையே வந்துவிட்டது.

ஆண்ட்ரூ வைல்ஸ் என்ற கணிதவியலாளரின் கதையை இந்தக் கோணத்தில் யாரும் சொல்வதில்லை. பத்து வயதில், நூலகப் புத்தகம் ஒன்றில், முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக யாராலும் நிரூபிக்க முடியாதிருந்த ஃபெர்மாவின் கடைசித் தேற்றம் என்ற கணிதப் புதிரைப் பார்த்து மனதைப் பறிகொடுத்தவர். 1986-இல் அதை நிரூபிக்க உட்கார்ந்தபோது அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். பிற்பாடு மனைவியிடம் மட்டும் சொன்னார். சக கணிதவியலாளர்களுக்குச் சந்தேகம் வராமலிருக்க, முன்பே முடித்து வைத்திருந்த வேறு ஆய்வை அவ்வப்போது சிறு சிறு கட்டுரைகளாக வெளியிட்டு வந்தார். என்ன ஒரு திருட்டுத்தனம்! 1993 தொடக்கத்தில் சரிபார்க்க ஆள் தேவைப்பட்டது. நிக் காட்ஸ் என்ற சக பேராசிரியரிடம் சொன்னார். இருவரும் அடிக்கடி கதவைச் சாத்திக்கொண்டு பேசினால் மற்றவர்கள் மோப்பம் பிடித்துவிடுவார்கள் என்று, அதை ஒரு முதுநிலை வகுப்பாகவே நடத்தினார். எதற்காக இந்தக் கணக்குகள் என்று தெரியாத மாணவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொள்ள, கடைசியில் காட்ஸ் மட்டும் உட்கார்ந்திருந்தார். ஜூனில் கேம்பிரிட்ஜில் அறிவிப்பு, உலகப் புகழ். சில வாரங்களிலேயே நிரூபணத்தில் ஓட்டை. அதை வெளியே கொண்டுவந்தது அதே காட்ஸ் கேட்ட கேள்வி. உலகமே என்னாயிற்று என்று கேட்டுக்கொண்டிருக்க, ஓராண்டுக்கு மேல் திண்டாடி, முன்னாள் மாணவர் ரிச்சர்ட் டெய்லரின் துணையோடு 1994 செப்டம்பரில் அதை அடைத்தார். அப்படி எல்லோரும் பார்க்கக் கணிதம் செய்வது தன் வழியல்ல என்று பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

பெரிய மேதைகளின் கதை நமக்கெதற்கு என்பீர்கள். சரி, என் கணித ஆசிரியரைச் சொல்கிறேன். இரவில் வீட்டில் தொலைநோக்கிக்கான ஆடி தேய்ப்பார். இரண்டு வட்டக் கண்ணாடிகள், நடுவே தண்ணீரும் உராய்வுத் தூளும். ஒன்றின்மேல் ஒன்றை வைத்துத் தேய்க்கத் தேய்க்க மேலது குழியும், கீழது புடைக்கும். தூளை மாற்றும்போது பழைய பருந்தூள் ஒரு மணிகூட மிஞ்சக் கூடாது, கீறிவிடும். கழுவுவது என் வேலை. சரியாகக் கழுவாவிட்டால் வசவு. கடைசியில் ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு மேடு இருந்தாலும் ஆகாது. கைச்சூட்டுக்கே கண்ணாடி உருமாறும் என்பதால், தேய்த்த பிறகு அது ஆறும்வரை பேசாமல் உட்கார்ந்திருப்பார். அந்த முகத்தை நான் வகுப்பறையில் கண்டதே இல்லை. பள்ளியில் அவருடைய நகக்கண் கறுப்பைக் காட்டி யாராவது கேட்டால், "சும்மா" என்பார்.

ஆடி முடிந்தது. குழாயில் பொருத்தி நிலாவைப் பார்த்தார். "ம்" என்றார். தொலைநோக்கியைப் பள்ளிக்குக் கொடுத்துவிட்டு அடுத்த கண்ணாடிக்குச் சொல்லி அனுப்பினார். அவருக்கு நட்சத்திரங்களின் பெயர்கூட அதிகம் தெரியாது என்பதைப் பிறகுதான் கண்டுகொண்டேன்.

உங்கள் மேல் எனக்குக் கோபமில்லை. 44 வயதில் ஒரு பூவை உற்றுப் பார்க்கத் தோன்றியதே, அது எத்தனை பேருக்கு வாய்க்கும்? அந்த ஆசை உண்மையா பொய்யா என்று இந்த மூன்று படங்களை வைத்து என்னாலோ உங்களாலோ சொல்ல முடியாது. அது தனியாக விடப்படவே இல்லையே.

அப்படியானால் யாரிடமும் சொல்லக் கூடாதா? சொல்லலாம். கைதட்டுகிறவரிடம் வேண்டாம், தப்புக் கண்டுபிடிக்கத் தெரிந்தவரிடம் சொல்லுங்கள். வைல்ஸ் தேடியதும் அப்படி ஓர் ஆளைத்தான். அடுத்த படத்தை முடித்ததும் தாவரவியல் படித்த ஒருவரிடம் கொண்டுபோங்கள். மகரந்தத் தாள்களை எண்ணுவார், இலையடுக்கு பிசகியிருக்கிறது என்பார். திரும்ப வரையுங்கள்.

எனக்கு அனுப்ப வேண்டாம். எனக்கு அதெல்லாம் தெரியாது. பிரமாதம் என்று பதில் போட்டுவிடுவேன்.