தாமிரக் கனிமங்கள்: கேட்டதும் சொன்னதும்

கேள்வி: சார், ராஜஸ்தானில் தாமிரச் சுரங்கங்கள் உள்ள கேத்ரி பக்கம் போனபோது ஒரு பச்சைக் கல் வாங்கினேன். மாலகைட்டா, கிரைசோகொல்லாவா?

பதில்: கையுறை போட்டுக்கொண்டு, பின்பக்கம் ஒரு மூலையில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரே ஒரு சொட்டு விடுங்கள். மாலகைட் கார்பனேட் என்பதால் நுரைக்கும். கிரைசோகொல்லா சிலிக்கேட், சும்மா இருக்கும். பச்சையின் மேலேயே விடுங்கள். பக்கத்தில் கால்சைட் நரம்பு ஓடினால் அதுவும் நுரைத்து ஏமாற்றிவிடும். உடனே நன்றாகக் கழுவிவிடுங்கள்.

கேள்வி: மயில் கழுத்து நிறத்தில் ஒரு கல், போர்னைட் என்று ஆன்லைனில் வாங்கினேன். நிஜம்தானா?

பதில்: அந்தப் பெயரில் விற்பவற்றில் நிறைய, அமிலத்தில் நனைத்து நிறமேற்றிய சால்கோபைரைட். ஒரு முனையைத் தட்டி உடையுங்கள். உள்ளே பித்தளை மஞ்சள் என்றால் சால்கோபைரைட். செம்பழுப்பாக இருந்து, நாள்பட ஊதா ஏறினால் போர்னைட்.

கேள்வி: அண்ணா, கல்லோடு வைக்கும் விவரச் சீட்டில் என்னென்ன எழுத வேண்டும்? பெயர் மட்டும் போதுமா?

பதில்: பெயர் தப்பாக இருந்தால் நாளைக்குத் திருத்தலாம், தம்பி. கிடைத்த இடம் தொலைந்தால் திரும்ப வராது. என் மேசையில் உள்ள ஒரு சீட்டு இது: ‘மலாஞ்ச்கண்ட் சுரங்கம், பாலாகாட் மாவட்டம், மத்தியப் பிரதேசம். 6 × 4 செ.மீ. வெள்ளைக் குவார்ட்ஸில் சால்கோபைரைட் திட்டுகள். விரிசல் ஓரம் 2 மி.மீ. மாலகைட் படலம்.’ கண்ணால் கண்டதை மட்டும் எழுதியிருக்கிறேன். வாங்கிய நாளையும் சேருங்கள். கல்லின் அடியில் பொட்டளவு வெள்ளைப் பெயின்ட் வைத்து எண் எழுதுங்கள். சீட்டும் கல்லும் பிரிந்தாலும் சேர்த்துவிடலாம். பழைய சீட்டு கிழிந்திருந்தாலும் தூக்கிப் போடாதீர்கள். நமீபியாவின் த்சுமெப் சுரங்கம் 1996-இல் மூடப்பட்டது. அங்கிருந்து வந்த அசுரைட் என்ற நீலத் தாமிரக் கனிமத்துக்கு அந்தச் சீட்டுதான் சாட்சி.

கேள்வி: அசுரைட் பச்சையாகிவிடும் என்கிறார்களே?

பதில்: மண்ணுக்குள், நெடுங்காலத்தில். அசுரைட் படிகத்தின் வடிவம் அப்படியே நிற்க, உள்ளே மாலகைட் குடியேறிவிடும். உங்கள் அலமாரியில் அப்படி ஆகாது. வெயில் மட்டும் படாமல் வையுங்கள்.

கேள்வி: கண்ணைப் பறிக்கும் நீலப் படிகம் ஒன்றைக் கழுவினேன், பாதியாகிவிட்டது சார்!

பதில்: அது சால்கந்தைட், நம் ஊர் மயில்துத்தம். தண்ணீரில் கரையும், வறண்ட காற்றில் வெளுத்து உதிரும், வாயில் பட்டால் நஞ்சு. மிச்சத்தைக் காற்றுப்புகா டப்பாவில், குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள். அவ்வளவு பெரிய, அழகான படிகங்கள் பெரும்பாலும் கரைசலில் வளர்த்தவை. விற்றவரிடம் கேட்டு, அப்படியென்றால் சீட்டில் ‘வளர்த்தது’ என்றே எழுதிவிடுங்கள்.